காந்தச் சுருளும் ஐந்து சென்ரிமீற்றரும்

மனச்சோர்வு நோய்க்கான காந்தத் தூண்டற் சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவியின் வளர்ச்சியையே விரித்துரைப்பர். ஆயின், அக்கருவியைத் தலையில் எவ்விடத்தில் வைப்பது என்னும் வினாவே அவ்வரலாற்றின் மையமெனல் தகும்.

மாறும் காந்தப்புலம் கடத்தியொன்றிலே மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்பதை 1831 இல் பரடே கண்டறிந்தார். தலையைப் பெரிய கம்பிச்சுருளினுள் வைத்தால் கண்முன் ஒளிப்பொறிகள் தோன்றுவதை 1896 இல் பாரிஸில் டார்சொன்வால் அறிவித்தார். தூண்டப்பட்டது மூளையன்று, விழித்திரையே என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. மண்டையைத் திறவாது, நோவுமின்றி மூளையைத் தூண்டிக் கைத்தசைகளை அசையச் செய்தோர் 1985 இல் இங்கிலாந்தின் செபீல்ட் நகரைச் சேர்ந்த அந்தனி பார்க்கரும் அவர்தம் குழுவினருமாவர்.

மனச்சோர்வுக்கு அப்போது வழங்கிய வலிய சிகிச்சை 1938 இல் உரோமில் தோன்றிய மின்னதிர்ச்சியே. அது வலிப்பை உண்டாக்கியே பயன் தந்தது, நினைவாற்றலும் ஊறுபட்டது. வலிப்பின்றி அப்பயனைப் பெறலாமோ என்ற ஆவலினால், 1995 இல் அமெரிக்காவில் மார்க் ஜோர்ஜ் முதலியோர் மருந்துக்கு இணங்காத ஆறு நோயாளரின் இடது முன்நுதற்பகுதியைக் காந்தத்தால் தூண்டினர்.

அவ்விடத்தைக் காண அக்காலத்தார் கைக்கொண்ட முறை வியப்புக்குரியது. பெருவிரல் துடிக்கும் இடத்தை முதலிற் கண்டு, அங்கிருந்து உச்சந்தோலின்மீது 5 சென்ரிமீற்றர் முன்னே சுருளை நகர்த்தினர். சிறிய தலைக்கும் பெரிய தலைக்கும் அளவு ஒன்றே! 2001 இல் ஜேர்மனிய ஆய்வொன்று 22 நோயாளரைச் சோதித்தபோது, குறித்த பகுதிக்கு நேராகச் சுருள் அமைந்தது எழுவரிடம் மட்டுமே. எனினும் 2008 இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு அனுமதி வழங்கியபோதும் இவ்வளவுமுறை வழக்கொழியவில்லை.

இதற்கிடையே வேறொரு சிந்தனை உருப்பெற்றது. ஓய்வுநிலையிலும் மூளையின் தொலைவான பகுதிகள் ஒத்து ஏறியிறங்குவதை 1995 இல் பிஸ்வால் காட்டினார். இரு மூளைப்பாதிகளையும் இணைக்கும் நார்க்கற்றையின் முன்வளைவுக்குக் கீழுள்ள சிறு பகுதியில் மின்வாய்களைப் பதித்து, 2005 இல் ஹெலன் மேபேர்க் குழுவினர் நோயாளர் ஆறு பேரில் நால்வரிடம் நலங்கண்டனர். காந்தப்புலமோ தூரத்தோடு விரைந்து தேய்வது; அத்துணை ஆழத்துக்குச் சுருள் எட்டாது. 2012 இல் மைக்கல் பொக்ஸ் முதலியோர் இவ்விரு செய்திகளையும் இணைத்தனர். நுதற்பகுதியில் எப்புள்ளியின் செயற்பாடு அவ்வாழ்பகுதிக்கு எதிராக ஏறியிறங்குகிறதோ, அப்புள்ளியைத் தூண்டியோரே கூடுதலாக நலமுற்றனர் என்பது அவர்தம் முடிபு. இடம் பற்றிய வினா இணைப்புப் பற்றிய வினாவாக மாறியது இங்ஙனமே.

ஸ்ரான்போர்ட் ஆய்வாளர் ஒவ்வொருவர் மூளையிலும் அப்புள்ளியைத் தேடி, நாளொன்றுக்குப் பத்து முறையாக ஐந்து நாள் தூண்டினர். 2022 இல் வெளியான சோதனையில் மெய்ச்சிகிச்சை பெற்றோருள் 79 வீதத்தினரும் போலிச்சிகிச்சை பெற்றோருள் 13 வீதத்தினரும் நோய் நீங்கப்பெற்றனர். பெறுபேறு பெரிதே. ஆயினும் அதில் இடம் மட்டுமன்றி அளவும் மாறியது. பங்குபற்றியோரும் 29 பேரே. எனவே புகழ் முழுவதையும் இணைப்புக்கே அளித்தல் அவசரமாகும்.

2024 இல் பிரித்தானியாவில் 255 நோயாளரிடம் நிகழ்ந்த சோதனையில், இணைப்பறிந்து தூண்டியோருக்கும் வழமைபோற் தூண்டியோருக்கும் வேறுபாடு தோன்றவில்லை. இரு சாராரும் நலமடைந்தனர். ஆனால் அங்கு நாடப்பெற்றது வேறோர் இணைப்பு. தூண்டிய முறையும் இரு சாராருக்கும் ஒன்றன்று. பொக்ஸின் கருத்து அதனாற் பொய்த்தது என்பதற்கில்லை. தூண்டலின் அளவை மாற்றாது, புள்ளியை மட்டும் மாற்றி, பெருந்தொகையினரிடம் செய்யும் சோதனையே அதனைத் தீர்க்கவல்லது.