புறப்பட்ட பின் நின்றுபோகும் மோட்டார் சைக்கிள்

ஜொகூர் மாநிலத்தில் ஆயர் ஈத்தாம் என்னும் சிறு பட்டணம் தன் சந்தியால் பெயர் பெற்றது. யோங் பெங்கிலிருந்து சிம்பாங் ரெங்கம் வழியாக ஜொகூர் பாருவுக்குச் செல்லும் பழைய பெருஞ்சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங்குக்குச் செல்லும் சாலையும் இங்கேதான் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. 1994ஆம் ஆண்டு செப்டம்பரில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும் வரை, கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய பேருந்துகளும் மரலாரிகளும் பெரும்பாலும் இந்தச் சந்தியைக் கடந்துதான் சென்றன. அந்தக் கூட்டத்திற்கு நடுவே தோட்டத்துச் சிவப்பு மண் சாலையிலிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து ஏறுகிறது. முன்னால் தகப்பனார், பின்னால் காய்ச்சலில் துவளும் பிள்ளையை மடியில் அணைத்த தாயார். சரியாகச் சந்தி நடுவில் வண்டி விக்கி நின்றுவிட்டால் என்ன ஆகும்? இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

புறப்படாத வண்டி அவ்வளவு ஆபத்தானதன்று. அது வீட்டு வாசலிலேயே கிடக்கும். ஒரே உதையில் புறப்பட்டு, நம்பி ஏறிய பின் பாதி வழியில் நின்றுவிடும் வண்டிதான் ஆளை ஏமாற்றும். இதற்கான காரணத்தைத் தேடப் போனால், மோட்டார் சைக்கிளின் வரலாற்றுக்குள்ளேயே நாம் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால், இயந்திரத்தைப் புறப்படச் செய்வதோடு அதைக் கண்டுபிடித்தவர்களின் வேலை முடிந்துவிடவில்லை. அதை ஓடிக்கொண்டே இருக்கச் செய்வதும் பெரும்பாடாக இருந்தது.

ஜெர்மனி நாட்டில் கோட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மேபாக் என்னும் இருவர் 1885ஆம் ஆண்டில் மரச்சட்டத்தில் பெட்ரோல் இயந்திரம் பொருத்திய ஒரு வண்டியைச் செய்தார்கள். உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்று பலரும் அதையே சொல்கிறார்கள். அதில் இன்றைய பிளக் கிடையாது. சிறு குழாய் ஒன்றை வெளியிலிருந்து தீயால் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டால் உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியைப் பற்ற வைத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் டைம்லரின் மகன் அதை ஓட்டிச் சென்றபோது, அடியிலிருந்த சூட்டினால் அமர்ந்திருந்த இருக்கையே தீப்பற்றியது என்று சொல்வார்கள்! பெட்ரோலைத் துளித்துளியாகத் தெளித்துக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை மேபாக் 1893இல்தான் உருவாக்கினார். நம்பத்தகுந்த மின்பொறியோ இன்னும் தாமதமாக வந்தது. ரோபர்ட் போஷின் பட்டறையில் கோட்லோப் ஹொனோல்ட் என்னும் பொறியாளர், உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் 1902இல் செய்து முடித்தார். ஆக, வண்டி பிறந்து 17 ஆண்டுகள் கழித்தே பெட்ரோலும் காற்றும் நெருப்பும் ஒழுங்காக ஒன்றுசேர்ந்தன. இன்று வழியில் நிற்கும் பழைய வண்டியில் காணாமற்போவதும் இம்மூன்றில் ஒன்றுதான்.

நம் தோட்டப்புறங்களுக்கு இந்த வண்டி எப்படி வந்தது? நோர்ட்டன், பி.எஸ்.ஏ., டிரையம்ப் போன்ற ஆங்கிலேய வண்டிகள் ஓடிய காலத்தில், பால்வெட்டுத் தொழிலாளிக்குச் சைக்கிளே பெரிய சொத்து. பிறகு 1958இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. பினாங்கில் பேருந்து கழுவியும் மெக்கானிக் வேலை பழகியும் வாழ்க்கையைத் தொடங்கிய லோ பூன் சியூ, அதே ஆண்டுவாக்கில் அந்த நிறுவனத்தின் விற்பனை உரிமையைப் பெற்று இந்நாட்டுக்கு அதன் வண்டிகளைக் கொண்டுவந்தார். சிறிது என்று பொருள்படும் சீனச் சொல் ‘கப்’ என்பதோடு சேர்ந்து, அது ‘கப்சாய்’ ஆயிற்று.

தோட்டத்துக்கென்றே செய்ததுபோல் இருந்தது அந்த வண்டி. நடுவில் தாழ்ந்த சட்டம். ஆகவே சேலை கட்டியவரும் கைலி உடுத்தியவரும் காலைத் தூக்காமல் ஏறலாம். முன்புறக் கவசம் சேற்றைத் தடுக்கும். கிளச்சுப் பிடி இல்லாததால் இடக்கை ஓய்வாக இருக்கும். ஜப்பானில் உணவுக்கடைப் பையன்கள் ஒரு கையில் தட்டோடு ஓட்ட வேண்டும் என்று வைத்த ஏற்பாடு, இங்கே பால் வாளி தூக்குகிறவர்களுக்குப் பயன்பட்டது. மாதத் தவணையில் வாங்கினார்கள்; தவணைமுறைக்கு 1967இல் சட்டமும் வந்தது. தவணை முடிந்த வண்டியைத் தகப்பனார் மகனுக்குக் கொடுத்தார். அவ்வகை வண்டிகள்தான் இன்று பழங்கால வண்டி என்று மதிப்புப் பெற்றிருக்கின்றன. காரணம் தெரியாமல் அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடுவது நமக்கு ஒப்பவில்லை.

இனி, நின்றுபோகும் வண்டியைப் பார்ப்போம். கையில் திருகாணி முடுக்கியை எடுப்பதற்கு முன், வண்டி எப்படி நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விளக்கை அணைத்ததுபோல் திடீரென்று நின்றால், பெரும்பாலும் மின்பொறியின் குறை. இருமி, விக்கி, வேகம் குறைந்து மெல்ல நின்றால், பெரும்பாலும் பெட்ரோலின் குறை. பழைய மெக்கானிக்குகள் வண்டியைத் தொடாமலேயே நோய் சொன்னார்கள் என்றால், இந்த ஓசையைக் கேட்டுத்தான். இது மந்திரமன்று.

மெல்ல நிற்கும் வண்டிக்கு முதலில் பெட்ரோல் தொட்டியின் மூடியைப் பாருங்கள். அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியே காற்று உள்ளே போக வேண்டும். சிவப்பு மண் அதை அடைத்துவிட்டால் தொட்டிக்குள் வெறுமை உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. கவிழ்த்த புட்டியிலிருந்து எண்ணெய் விட்டுவிட்டு விழுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே கதைதான். இத்தகைய வண்டி சில நிமிடம் ஓடி நிற்கும். சற்றுப் பொறுத்து உதைத்தால் மீண்டும் புறப்படும். அது நின்ற உடனே மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று இழுக்கும் ஓசை கேட்கும். காசு செலவில்லாத பழுது இது. இதற்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது தொட்டியின் அடிப்பகுதி. நம் நாட்டின் ஈரக் காற்றில், பாதி காலியான தொட்டிக்குள் நீர் கோத்துக்கொள்ளும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். பல கப்சாய் மாதிரிகளில் பெட்ரோல் திருப்பியின் கீழே ஒரு சிறு கிண்ணம் இருக்கும். அதைக் கழற்றினால் துருத்தூளும் நீர்க்குமிழும் தெரியும். இதைச் செய்யும்போது அருகில் சுருட்டோ அடுப்போ இருக்கக் கூடாது.

சோக்கைப் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால், இயந்திரத்துக்குப் பெட்ரோல் போதவில்லை அல்லது காற்று அதிகம் என்று பொருள். கார்புரேட்டருக்குள் மெல்லோட்டத்துக்கென்று ஒரு பித்தளை ஜெட் உண்டு. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பல மாதம் ஓடாமல் நின்ற வண்டியில் பழைய பெட்ரோல் பிசினாகி அந்தத் துளையை அடைத்துக்கொள்ளும். கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மெதுவானது, துளை பெரிதாகிவிடும். காற்றால் ஊதுங்கள், அல்லது மீன்பிடிக்கும் நைலான் நரம்பை நுழைத்துப் பாருங்கள்.

ஜெட் சுத்தமாக இருந்தும் குணம் தெரியவில்லையா? கார்புரேட்டர் இயந்திரத்தோடு சேரும் இடத்தில் காற்றுக் கசிவு இருக்கலாம். இங்கே ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வெட்டும் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பர் டயருக்கு மிகவும் உகந்தது. ஆனால் பெட்ரோல் பட்டால் அது உப்பிக் கூழாகிவிடும். சிலர் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அந்த இடத்தில் வைப்பார்கள். அது சில வாரத்தில் வீங்கி, தூள் தூளாய் உதிர்ந்து, கசிவைப் பெரிதாக்கும். பெட்ரோல் படும் இடங்களுக்கென்று நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் வளையம் கடையில் கிடைக்கிறது. பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு இதைச் சொல்லச் சற்று வருத்தம்தான்.

திடீரென்று நிற்கும் வண்டிக்கு வருவோம். பழைய வண்டிகளில் பாயிண்ட் என்னும் இரண்டு சிறு உலோக முனைகள் ஒவ்வொரு முறையும் பிரிந்து மின்பொறியை உண்டாக்கும். பல மாதிரிகளில் இடப்பக்க மூடியைக் கழற்றினால், மேக்னெட் சக்கரத்தின் ஓட்டை வழியே அது தெரியும். அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதோடு சேர்ந்த கண்டென்சர் என்னும் சுண்டுவிரல் அளவான சாமான்தான் பெரிய கள்வன். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும், சூடேறியதும் கைவிட்டுவிடும். காலையில் லயத்திலிருந்து அருமையாகப் புறப்பட்ட வண்டி, பத்து மைல் தாண்டிச் சட்டென்று நிற்பதும், ஒரு மணி நேரம் ஆறிய பின் ஒன்றுமே நடவாததுபோல் ஓடுவதும் இதனால்தான். பாயிண்ட் முனைகள் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். மின்சுருளும் இதே குணம் காட்டக்கூடும். ஆகவே வண்டி நின்ற உடனே, சூடு ஆறுவதற்குள், பிளக்கைக் கழற்றி, பிளக் ஓட்டையிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும் தள்ளி இயந்திரத்தின் உலோகத்தில் பட வைத்து உதைத்துப் பார்க்க வேண்டும். நீலப்பொறி வந்தால் மின்சாரத்தில் குறையில்லை. ஆறிய பிறகு செய்யும் சோதனை பொய் சொல்லும்.

பிளக்கின் நிறத்தையும் பாருங்கள். வெண்மையாக உலர்ந்திருந்தால் பெட்ரோல் குறைவு. கரி படிந்து நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது கார்புரேட்டரின் மிதவை சிக்கியிருக்கலாம்.

சூப்பர் கப் வகை வண்டிகளின் உற்பத்தி 2017இல் 10 கோடியை எட்டியது. புதியவற்றில் பாயிண்டும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. பெட்ரோலை மின்னணுக் கருவி அளந்து பீச்சுகிறது. பழைய வண்டியை வைத்திருப்பவர்கள் இருக்கைக்கு அடியில் ஒரு பிளக், ஒரு கண்டென்சர், இடைவெளி பார்க்கும் தகடு ஆகியவற்றைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். பழுது பார்த்த அன்றே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சந்திக்குப் போகாமல், தோட்டத்துச் சாலையிலேயே அரை மணி நேரம் நன்றாகச் சூடேற ஓட்டிப் பாருங்கள்.