பிழை எழுதியவர், பழி சுமந்தவர்

அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தின் தொழில் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆண்டுகளை அடுக்குவர். 1949ல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், 1964ல் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1965ல் ஆவடியிலிருந்து வெளிவந்த முதல் விஜயந்தா டாங்கி என்று அப்பட்டியல் நீளும். எல்லாம் உண்மையே. எனினும் லேத்தின் முன் நின்றவர்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. இயந்திரத்துக்கு ஆணை எழுதுபவர் யார், பிழை நேர்ந்தால் பழி சுமப்பவர் யார் என்பதே அது. ஒரு பெயர்ப்பலகை அதை எங்களுக்குக் கற்பித்தது.

நண்பர்கள் தொடங்கிய படிப்பகத்துக்குத் தேக்குப் பலகையில் எழுத்துச் செதுக்க விரும்பினோம். தொழிற்பேட்டையில் டர்னராக இருந்து ஓய்வுபெற்ற அம்பத்தூர்ப் பெரியவர் ஒருவர், பொழுதுபோக்காக வீட்டில் சிறியதொரு சி.என்.சி. ரவுட்டர் வைத்திருந்தார். எழுத்தை வரைந்து, கருவி செல்ல வேண்டிய பாதையைக் கோப்பாக்கித் தந்தவர்கள் நாங்கள். பலகையை இறுக்கி ஜீரோ எடுத்தவர் அவர்.

‘படிப்பகம்’ என்பதில் முதல் ‘ப’ பிசிறின்றி விழுந்தது. ‘டி’யின் நேர்கோடுகளும் அப்படியே. மேல்விலங்கு வளையத் தொடங்கிய இடத்தில், கருவி பலகையின் குறுக்கே பெருவட்டமாக ஓடிற்று. பலகை பாழ்.

“ஐயா, பலகை சரியா இறுகலையோ?” என்று கேட்டோம். கேள்வியில் குற்றச்சாட்டு இருந்தது.

“நகர்ந்திருந்தா ‘ப’வும் கோணியிருக்கும் தம்பி. நேர்கோடு சுத்தமா இருக்கு, வளைவுதான் ஓடுது. மெஷின் சொன்னதைத்தான் செஞ்சிருக்கு. எழுதினதைப் பாருங்க” என்றார்.

பார்த்தோம். ஜி-கோடு எனப்படும் ஆணைமொழியில் வளைவின் மையத்தை ஐ, ஜே என்ற இரு எழுத்துகள் குறிக்கின்றன. அவற்றின் எண்களை வளைவு தொடங்கும் புள்ளியிலிருந்தும் கணக்கிடலாம். பலகையின் ஜீரோவிலிருந்தும் கணக்கிடலாம். இம்மொழிக்கான அமெரிக்கத் தரம் ஆர்.எஸ்.-274-டி என்ற பெயரில் 1980ல் இறுதி வடிவம் பெற்ற பின்னரும், இவ்விரு வழக்கங்களும் நீடித்தன. எங்கள் கோப்பு ஒரு வழக்கில் எழுதப்பட்டிருந்தது. இயந்திரம் மற்றதில் வாசித்தது. நேர்கோட்டுக்கு மையம் இல்லை. எனவே ‘ப’ பிழைத்தது. பொழுதுபோக்கு இயந்திரங்களில் பரவலாகப் பயன்படும் கிரிபிள் மென்பொருள், கணக்குக்கு ஒவ்வாத வளைவைக் கண்டால் 33ஆம் எண் பிழை என்று சொல்லி மறுத்துவிடும். எங்கள் முன்னிருந்தது மறுக்கவில்லை, ஓடியது.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. படிப்பவர் பொருளறிந்து இட்டுக்கொள்வார். இயந்திரம் அவ்வாறு எதையும் இட்டுக்கொள்வதில்லை.

இவ்வியந்திரங்களின் தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1940களில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜான் பார்சன்ஸ், ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வார்ப்புருக்களைச் செய்துவந்தார். வளைவின் புள்ளிகளை அட்டைக் கணிப்பொறி கணக்கிடும். ஒருவர் எண்களை உரக்க வாசிக்க, இருவர் ஆளுக்கோர் அச்சின் கைச்சக்கரத்தைச் சுழற்றுவர். புள்ளிகளுக்கிடையே எஞ்சிய மேடுகளை அரத்தால் ராவிச் சமன் செய்வர். தவறான எண் ஒன்று வந்தால் சந்தேகிக்க அங்கே மூவர் இருந்தனர். 1952ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் துளையிட்ட தாள்நாடாவால் மில்லிங் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது. எண்ணை வாசிக்கும் குரல் அத்தோடு நின்றது.

வேறு வழியும் இருந்தது. தேர்ந்த தொழிலாளி இயக்கும்போது அவர் கையசைவை நாடாவில் பதிவுசெய்து, பின்னர் இயந்திரத்தை அதன்படியே ஓட்டும் முறையை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அக்காலத்திலேயே உருவாக்கியது. அது நிலைக்கவில்லை. பட்டறையின் அறிவைத் தொழிலாளியின் கையிலிருந்து அலுவலக மேசைக்கு மாற்றும் விருப்பமும் இதற்கொரு காரணம் என்று வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984ல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அவ்வாதத்தை முழுமையாக ஏற்காதவரும் ஒன்றை ஒப்புவர்: எழுதுபவரும் இயந்திரத்தருகே நிற்பவரும் பிரிந்தபின், பிழை எழுதும் மேசையில் பிறந்தாலும் முதல் கேள்வி நிற்பவரிடமே கேட்கப்படுகிறது. நாங்களும் அதைத்தான் செய்தோம்.

கோப்பில் ஓர் அமைப்பை மாற்றினோம். பெரியவர் கருவியைப் பலகைக்கு மேலே உயர்த்தி, முதலில் காற்றில் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு சுழியும் தன் இடத்திலேயே வளைந்தது. அதன்பின்னரே புதுப் பலகையை இறுக்கினார். மன்னிப்புக் கேட்டோம், “அடுத்த தடவை எழுதினதும் இங்க வந்து நில்லுங்க தம்பி” என்பதோடு முடித்துக்கொண்டார்.

பெருவட்டம் ஓடிய பழைய பலகை, இப்போது படிப்பகத்தில் ஓர் அலமாரித் தட்டாக இருக்கிறது.