எண்ணாயிரத்துத் திருவாய்மொழியும் செவியறி தாளமும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து ஸ்ரீவைஷ்ணவ வரலாற்றில் எண்ணாயிரம் என்னும் சிற்றூர்க்குத் தனியிடம் உண்டு. இராசராச சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றிருந்த இவ்வூரின் அழகிய நரசிங்கப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் (1012–1044) காலத்துக் கல்வெட்டு ஒன்றுளது. இளநிலையில் 270, முதுநிலையில் 70, ஆக 340 மாணாக்கர் பயின்ற வித்யாசாலையை அது விவரிக்கிறது. திருவாய்மொழி விண்ணப்பஞ் செய்வார்க்கும் நெல் வகுக்கிறது. வேதமும் தமிழ்மறையும் ஒருங்கே ஒலித்த அவ்விடத்தில், ஒலியின் கால அளவைச் செவி எங்ஙனம் அறிந்தது என்பது ஆராயத்தக்கது.

வேத மாணாக்கர் குறில், நெடில், ப்லுதம் என மாத்திரைகளை ஒன்று, இரண்டு, மூன்றாகப் பயின்றனர். தொல்காப்பியரும் மாத்திரைக்குக் கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவாக்கினார். இவை எழுத்தின் அளவு. தாளமோ எழுத்துகளுக்கு அடியில் ஓடும் சம அளவு. கைத்தாளத்தின் தட்டு ஒரு கணத்தில் ஒலித்து அடங்கும். இரு தட்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தை அளப்பது கேட்போன் உள்ளமே. பாட்டும் தாளமும் ஒருங்கு தொடங்கின் சமம் என்றும், முன்பின்னாயின் அதீதம், அநாகதம் என்றும் இசைநூலார் வகுத்தமை இதற்குச் சான்று. தாளத்தை உள்ளே சுமவாத செவிக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

திருவாய்மொழியின் யாப்பும் இவ்வாறே செவியைப் பழக்குகிறது. முதலடியின் அளவு பதிந்தபின் அடுத்த அடியைச் செவி எதிர்நோக்குகிறது. 1102 பாசுரங்களும் அந்தாதியாதலின், ஒன்றன் முடிவே மற்றொன்றன் தொடக்கமாகிறது. தாளத்தின் சுற்று முடிந்து மீண்டும் எடுப்பில் சேர்வதும் இதனோடு ஒக்கும்.

பலர் ஒருங்கே தட்டிய தாளங்களின் ஒலியைக் கேட்டே ஒவ்வொன்றன் எடையையும் நாதமுனிகள் உரைத்தார் எனக் குருபரம்பரை கூறும். அவர் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் ப்ரபந்தத்தை இசையோடு கற்பித்தமையும் அதனாலேயே அறியப்படும். நுண்ணிய செவியுடையார் வகுத்த மரபு இது. பதிகந்தோறும் பண்ணும் தாளமும் குறிக்கும் வழக்கு இன்றும் சில பதிப்புகளில் உளது. ஆயினும் அவ்வாறு பாடக் கேட்பது அரிது. அரையர் கையிலுள்ள தாளமும் ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி முதலிய சில தலங்களிலேயே ஒலிக்கிறது.

பண் மறைந்த இடத்தும் யாப்பு எஞ்சியுள்ளது. கோஷ்டியில் விரைவு கருதி நெடிலைக் குறுக்கினாலும், மூச்சுக்காகச் சீரை உடைத்தாலும், அடுத்த அடியை எதிர்நோக்கும் செவி தளர்ந்துவிடும். ஏட்டிலுள்ள தாளக் குறிப்பு அதனை மீட்டுத் தராது. ஆதலின் மாத்திரை பிறழாமல் அநுஸந்திப்பதே, எஞ்சிய இசையைக் காக்க இன்று நம் கையிலுள்ள வழி.