நயா பைசாவும் எங்கள் பாட்டியும்

பம்பாய் மாட்டுங்காவில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் எங்கள் பாட்டி. அவரை நினைத்தாலே எனக்கு 1957-ஆம் வருஷம்தான் ஞாபகம் வருகிறது. அப்போது எனக்கு எட்டு வயது.

அவ்வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி தசம நாணய முறை அமலுக்கு வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. இனி 100 நயா பைசா. அணாவுக்கு ஆறேகால் பைசா என்றால் கால் பைசாவுக்கு எங்கே போவது? ஆகவே 1 அணாவுக்கு 6, 2-க்கு 12, 3-க்கு 19, 4-க்கு 25 என்று சர்க்கார் அட்டவணை போட்டது.

பக்கத்து ஆத்து மாமி இளம் வயதில் கணவரை இழந்தவர். அப்பளம் இட்டு விற்றுத்தான் ஜீவனம். மூன்றணாக் கட்டுக்கு, "மூவாறு பதினெட்டு" என்று 18 பைசாவே கொடுத்துப் போனார்கள் சிலர். எழுதப் படிக்கத் தெரியாத மாமி பேசாமல் வாங்கிக் கொண்டார்.

பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "ஒரு பைசாவானாலும் அது உன் உழைப்புடி" என்று தினமும் மத்தியானம் சிலேட்டுடன் மாமியை உட்கார வைத்தார். முதலில் எண்கள், பிறகு அட்டவணை, பிறகு கையெழுத்து.

1964-இல் "நயா" என்ற சொல் போயிற்று. 2011-இல் 25 பைசாவும் செல்லாமல் போயிற்று. பாட்டியும் மாமியும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். மாமி தபால் ஆபீஸில் கணக்குத் தொடங்கி, கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட அன்று பாட்டி ஆத்தில் பாயசம் வைத்தார். அந்த ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.