ஞானஸ்நானமும் தோம்பும்

போன மாதம் எங்களில் ஒருத்தியின் அக்காவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். கம்பஸிலிருந்து நாலைந்து பேர் போயிருந்தோம். முதல் கிழமையே நடந்திருக்க வேண்டியது. ஞானத்தகப்பன் வேறு பங்கைச் சேர்ந்தவர், அவரின் பங்குத்தந்தையின் கடிதம் வந்துசேரப் பிந்தியதால் ஒரு கிழமை தள்ளிப்போனது. பெற்றோரின் விவாகப் பதிவு, பிள்ளையின் பிறப்புப் பதிவு, இந்தக் கடிதம் எல்லாம் ஒரு ஃபைலில். அம்மம்மா கேட்டா, "தலையில மூண்டு தரம் தண்ணி ஊத்திறதுக்கு இவ்வளவு கடதாசியோ?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்தக் கேள்வி சும்மா போகவில்லை. தண்ணீரும் கடதாசியும் எப்போது ஒன்றாகச் சேர்ந்தன?

ஞானஸ்நானத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு முக்குதல், தோய்த்தல் என்றுதான் பொருள். ஆதித்திருச்சபையின் மிகப் பழைய கையேடுகளில் ஒன்றான 'டிடாக்கே' இதை எப்படிச் செய்வது என்று சுருக்கமாகச் சொல்கிறது: ஓடுகிற தண்ணீரில் கொடு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில், குளிர்ந்தது இல்லையா, வெந்நீரில், இரண்டும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று. பெறுபவர் ஒன்றிரண்டு நாள் முன்பே நோன்பு இருக்க வேண்டும். அவ்வளவுதான். பிறகு வந்த நூற்றாண்டுகளில் நீண்ட ஆயத்தகாலம் வந்தது, இவர் நல்ல நடத்தையுள்ளவர் என்று சொல்ல ஒரு சாட்சியும் வந்தார். இன்றைய ஞானப்பெற்றோரின் வேர் அங்கேதான். குழந்தைக்குக் கொடுக்கலாமா, அறிந்து கேட்பவருக்கு மட்டுமா என்ற சண்டை 1525இல் சூரிச்சில் வெடித்து, வளர்ந்தவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்த பீலிக்ஸ் மான்ஸை 1527இல் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லும் வரைக்கும் போனது. தண்ணீருக்குத் தண்ணீராலேயே தண்டனை.

எங்கட கரைக்கு இந்தத் தண்ணீர் வந்தது அரசியலோடுதான். முத்துக்குளித்துறையில் 1530களில் பரவர்கள் திரளாக ஞானஸ்நானம் பெற்றபோது, பதிலுக்குப் போர்த்துக்கேயரின் பாதுகாப்புக் கிடைத்தது. பிறகு வந்த பிரான்சிஸ் சவேரியார், கொடுத்துக் கொடுத்துக் கையே சோர்ந்துபோகிறது என்று கடிதம் எழுதினார். 1544இன் கடைசியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறார். அவ்வளவு வேகத்தில் யாருக்கு என்ன விளங்கியிருக்கும் என்று கேட்பது சுலபம். ஆனால் அதே 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களைச் சங்கிலி மன்னன் கொல்லுவித்தான். 600, 700 பேர் என்று சொல்லப்படுகிறது. அவர்களுக்கும் படிப்பித்தல் பெரிதாக நடந்திருக்க வாய்ப்பில்லை. அதனால் 'விளங்காமல் எடுத்தவை' என்ற சொல்லை நாங்கள் கொஞ்சம் கவனமாகத்தான் பாவிக்க வேண்டும்.

கடதாசிக்கு வருவோம். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. அந்த ஆண்டே கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று கட்டளை வந்தது. கத்தோலிக்கக் கோயில்களெல்லாம் சீர்திருத்த சபையின் கோயில்களாயின. அக்காலத்தில் இங்கே இருந்த போதகர் பால்டேயஸ், 1672இல் வெளிவந்த தன் நூலில் யாழ்ப்பாணத்துக் கோயில்களைப் படத்தோடு விபரிக்கிறார். போதகர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். ஊரை உண்மையில் நடத்தியவர் பள்ளி உபாத்தியார்தான். பிள்ளைகளுக்குக் கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப்பிரமாணம், பத்துக் கட்டளை ஆகியவற்றைப் பாடமாக்குவிப்பார். பள்ளிக்கு வராவிட்டால் தண்டப்பணம். போதகர் சுற்றி வரும்போது பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஞானஸ்நானம் பெறச்செய்து, பெயரைப் பதிவேட்டில் எழுதுவார். அந்தப் பதிவேடுதான் பள்ளித் தோம்பு. 'தோம்பு' போர்த்துக்கேயச் சொல். காணிக்கு ஒரு தோம்பு, ஆட்களுக்கு ஒரு தோம்பு, பள்ளிக்கு ஒரு தோம்பு.

இதில் பெயர் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? கலியாணம் பதிய ஏலாது. பதியாத கலியாணத்துப் பிள்ளை முறையான வாரிசு என்று காட்டி முதுசத்தைக் கேட்பது கஷ்டம். முதலியார் போன்ற அரச உத்தியோகமும் இல்லை. தேசவழமையை 1707இல் எழுத்தில் ஆக்குவித்ததும் இதே ஆட்சிதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், காணியும் கலியாணமும் தண்ணீரும் எப்படி ஒரே முடிச்சில் விழுந்தன என்பது தெரியும். தெற்கில் சிங்களத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதற்குக் 'குலவத்தனவா' என்ற சொல் புழங்கியது. குலத்துக்குள் சேர்த்தல் என்று பொருள். இதைவிட வெளிப்படையாக ஒரு சொல் என்ன சொல்ல முடியும்?

எங்களை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. இதே சபை 1618-19இல் டோர்ட் நகரில் மாநாடு கூடியபோது பத்தாவியாவிலிருந்து ஒரு கேள்வி போயிருந்தது: கிறிஸ்தவ வீடுகளில் வளரும் புறமதத்தவரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? படித்து விளங்கித் தாங்களே அறிக்கையிடும் வரை வேண்டாம் என்பதே பெரும்பான்மையின் பதில். அப்படியெண்டால் இங்கே எப்படித் திரள்திரளாக? எங்கட வாசிப்பு இது: போர்த்துக்கேயர் ஊற்றிய தண்ணீரைச் சீர்திருத்த சபை செல்லாது என்று சொல்லவில்லை. தாய் தகப்பன் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்றால் பிள்ளை கிறிஸ்தவப் பிள்ளைதானே. கத்தோலிக்கத்தைத் தடைசெய்துகொண்டே அதன் தண்ணீரைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் இராப்போசனத்துக்கு வந்தபோது கதவு இறுகியது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் பெருந்தொகை, மேசைக்கு அனுமதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர். போதகர்களுக்கே நம்பிக்கை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. ஒரு சடங்கை எல்லாருக்கும் கட்டாயமாக்கிவிட்டு, அடுத்ததற்கு 'நீ உண்மையானவனா' என்று கேட்பது. ஏமாற்றினவர் யார் என்று எங்களுக்குள் ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதம். ஒருத்தி 'சனம் நடிச்சது' எண்டாள். மற்றவன் 'முதுசத்தைக் காப்பாத்திறதுக்குப் பேர் நடிப்போ?' எண்டான். நாங்கள் பெரும்பாலும் அவன் பக்கம்.

வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை ஊர்க்கதைகள் வைத்திருக்கின்றன. விரதச் சாப்பாடு முடிந்ததும் வாழையிலையை வெளியே போடாமல் கூரையில் செருகி மறைத்த கதை யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் சொல்லப்படும். கத்தோலிக்கர் நிலைமையும் அப்படித்தான். பகலில் தோம்பில் பெயர், இரவில் ஒளித்துவரும் குருவிடம் பூசை. 1687இல் இலங்கைக்கு வந்த யோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் அலைந்தது இந்தக் காலத்தில்தான்.

பிரித்தானியர் வந்து, 1799இல் ஆளுநர் நோர்த் மத சுதந்திரத்தை அறிவித்து, 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளும் நீங்கியபோது, ஒல்லாந்தரின் பெரிய கணக்கு கரைந்தது. சைவர் கோயிலுக்கும் கத்தோலிக்கர் பூசைக்கும் வெளிப்படையாகத் திரும்பினார்கள். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாருக்குத் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கிடைத்தவை இடிந்த பழைய கோயில் கட்டடங்கள். அவர்கள் பாடம் படித்திருந்தார்கள் போல, ஞானஸ்நானம் கேட்பவர்களை நீண்டகாலம் சோதித்த பிறகுதான் கொடுத்தார்கள். அப்படியும் மிஷன் பள்ளியும் உத்தியோகமும் பக்கத்திலேயே இருந்தன. 'வேலைக்காக மாறினவன்' என்ற பேச்சு அங்கிருந்து இன்றுவரை ஓயவில்லை. 2004இல் பாராளுமன்றத்துக்கு வந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம்கூட, ஏழை ஒருவரின் மனதை வெளியிலிருந்து அளக்கலாம் என்ற அதே எண்ணத்தில் எழுதப்பட்டதுதான். உயர் நீதிமன்றம் அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சொன்னது.

இதையெல்லாம் பிறகு அம்மம்மாவுக்குச் சொன்னோம். கடதாசியை நக்கலடித்த அவ உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தா. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் சேலைக்குள் வைத்துக் கொண்டுபோனது. பிள்ளைகள் ஐந்து பேரின் ஞானஸ்நானச் சான்றிதழ்கள். பிறப்புப் பதிவுகள் தொலைந்துபோன பிறகு, வயதைக் காட்டப் புதுசு எடுக்கக் கந்தோருக்குக் கொண்டுபோனது இவற்றைத்தானாம். ஒன்றில் மை பரவி, பெயர் பாதிதான் தெரிகிறது. "அது உங்கட மாமா" எண்டா. அவர் இப்ப இல்லை.