சீக்ரிட் உண்ட்செட் அம்மையார்

கத்தோலிக்க எழுத்தாளருள் நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டியவர் நார்வே நாட்டுச் சீக்ரிட் உண்ட்செட் அம்மையார். 1882-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் டென்மார்க்கில் பிறந்தார். தொல்பொருள் அறிஞரான தந்தை, இவரது 11-ஆம் வயதில் காலமானார். குடும்பத்தில் வறுமை. ஆகவே, 16 வயது முதல் பத்தாண்டுகள் ஓர் அலுவலகத்தில் பணிபுரிந்தார். ஓய்வு நேரத்தில் எழுதிப் பழகினார். முதல் நாவல் 1907-இல் வெளிவந்தது.

ஓவியர் ஒருவருடன் நடந்த திருமணம் நிலைக்கவில்லை. பிள்ளைகள் மூவர், மகள் மனவளர்ச்சி குன்றியவள். 1919-இல் லில்லஹாம்மரில் குடியேறி, பகலெல்லாம் வீட்டுப் பொறுப்பு, இரவெல்லாம் எழுத்து என உழைத்தார். இவ்வுழைப்பின் கனியே, 1920 முதல் 1922 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த ‘கிறிஸ்டின் லாவ்ரன்ஸ்டாட்டர்’. பதினான்காம் நூற்றாண்டு நார்வேப் பெண் ஒருத்தியின் காதல், பாவம், மனத்துயர் ஆகியவற்றை அது சித்திரிக்கிறது.

லூத்தரன் சபையே அரசுச் சபையாக விளங்கிய நாட்டில், ஏளனத்துக்கு அஞ்சாமல், 1924-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1928-இல் நோபல் பரிசு கிடைத்தது. பணம் முழுவதையும் பிறருக்கே ஈந்தார். தம் மகளைப் போன்ற குழந்தைகளை வளர்க்கும் குடும்பங்களும் அதனால் பயனடைந்தன.

சிலுவை அவரை விடவில்லை. 1939-இல் மகள் இறந்தாள்; 1940-இல் ஜெர்மானியப் படையெடுப்பில் மூத்த மகன் வீழ்ந்தான். நாஜிகளைக் கண்டித்து எழுதியவராதலால் அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தார். 1945-இல் தாயகம் திரும்பி, 1949 ஜூன் 10-இல் இறைவனடி சேர்ந்தார்.

இல்லறச் சுமையின் நடுவிலும் இறைவன் தந்த தாலந்தைப் புதைத்துவிடாத இந்த அன்னையை நம் பங்குப் பெண்மக்கள் அறிந்துகொள்வார்களாக!