பலன முதல் வேலூர் வரை

கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதத்தில் வந்த நமது கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் பலனவைக் கடந்தே வந்திருப்பீர்கள். ரம்புக்கனைக்குப் பிறகு வண்டி மலையேறத் தொடங்கும். கடிகமுவ, இஹலகோட்டே என்று சிறிய நிலையங்கள் கழிந்ததும் பலன வரும். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் நாட்களில் அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டதும் தலையை வாரிக்கொண்டு பெட்டிகளை இறக்கத் தொடங்குவோம். அந்த நிலையத்துக்கு மேலே, மலையுச்சியில், ஒரு கோட்டை இருக்கிறதென்பது ஒன்பதாம் வகுப்பு வரை எங்களுக்குத் தெரியாது.

1973ஆம் ஆண்டு எங்கள் வரலாற்று ரீச்சர் எங்களை அங்கே கூட்டிச் சென்றார். கண்டியில் காலை வண்டி ஏறி, பலனவில் இறங்கி, கிராமத்துத் தோட்டங்களுக்கூடாக மேலே நடந்தோம். முதல் நாள் மழை பெய்திருந்ததால் அட்டைகள் காலில் ஏறின. விடுதிப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அட்டையை விரலால் உருட்டி எறிந்துவிட்டுப் பேசாமல் நடந்தார்கள்.

உச்சியில் கோட்டை என்று சொல்ல அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. கருங்கல் அடித்தளங்களும் புல் மூடிய சுவர்களுமே இருந்தன. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் ஏறினோம்?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். ரீச்சர் கோபிக்கவில்லை. "கோட்டையைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளே. கோட்டையில் நின்று பாருங்கள்" என்றார். திரும்பிப் பார்த்தோம். ஒரு பக்கம் அலகல்லை மலை, தூரத்தில் பத்தலேகல என்னும் பைபிள் பாறை, கீழே மாவனெல்லைப் பக்கத்து வயல்கள். தாழ்நிலத்திலிருந்து கண்டியை நோக்கி ஒரு படை புறப்பட்டால், அது மலையடிவாரத்துக்கு வருமுன்னரே இங்கிருப்பவன் கண்டுவிடுவான். 'பலன' என்ற சிங்களச் சொல்லுக்கே பார்க்கின்ற என்றுதான் பொருள்.

மலையே மதில்

கண்டி இராச்சியத்துக்குப் பெரிய மதில்கள் இருக்கவில்லை. மலையும் காடும் மகாவலியும்தான் அதன் மதில்கள். கணவாய்களில் மட்டும் காவல் இருந்தது. மேற்கிலிருந்து வரும் வழிக்குப் பலனவே வாசல்.

1594இல் போர்த்துக்கேயத் தளபதி பேதுரோ லோபெஸ் த சூசா இவ்வழியாகப் படையுடன் கண்டிக்கு வந்தான். கண்டி அரச குலத்தில் பிறந்து போர்த்துக்கேயரிடம் வளர்ந்த டோனா கத்தரீனா என்ற குசுமாசன தேவியை அரியணையில் அமர்த்தி, அவள் பெயரால் நாட்டை ஆள்வது அவர்களுடைய எண்ணம். மக்கள் அதை ஏற்கவில்லை. ஒக்டோபர் மாதத்தில் அந்தப் படை பலனவை நோக்கிப் பின்வாங்கும்போது தந்துரேயில் சூழப்பட்டு அழிந்தது. வென்ற கொனப்பு பண்டார, முதலாம் விமலதர்மசூரியனாக முடிசூடி அதே கத்தரீனாவை மணந்தான். அப்பெண்ணின் விருப்பத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை என்று ரீச்சர் சொன்னார். பெண்கள் கல்லூரி ஆசிரியை ஒருவர் சொல்லாமல் விட முடியாத வசனம் அது.

1603இல் தொம் ஜெரோனிமோ த அசவேது பெரும் படையுடன் வந்து பலனவைப் பிடித்தான். பிடித்தும் அதை வைத்திருக்க முடியவில்லை. அவனுடன் வந்த லஸ்கரின்கள் என்னும் உள்நாட்டுப் படைவீரர்கள் பெருந்தொகையாக மாறிவிட, மீண்டும் மலையிறங்கி ஓட வேண்டியதாயிற்று. 1638இல் கன்னொருவையில் இரண்டாம் இராஜசிங்கனிடம் போர்த்துக்கேயர் கண்ட தோல்வியை நமது கல்லூரியில் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த இராஜசிங்கனின் காலத்தில், 1660 முதல் 1679 வரை, ரொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டி நாட்டில் கைதியாக இருந்தார். தப்பிச் சென்றபின் 1681இல் அவர் வெளியிட்ட நூலில் இந்தக் காவல்களைப் பற்றிய செய்திகள் உண்டு. வழிகளில் முட்களால் செய்த வாயில்கள் இருந்தன. அவற்றைக் கடப்பவருக்குக் களிமண்ணில் பதித்த முத்திரை ஒன்று வேண்டும். போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய மனிதன். கூலியாளுக்குக் காவடித்தடியின் இரு முனையிலும் பொதி தொங்க நடக்கும் மனிதன். வெள்ளைக்காரனுக்குத் தொப்பியும் வாளும். எழுத்து தெரியாத காவலாளியும் பார்த்தவுடனே புரிந்துகொள்ளும் கடவுச்சீட்டு அது.

ரீச்சர் இதைச் சொன்னதும் நாங்கள் பாதையோரத்து ஈரமண்ணை எடுத்து ஆளுக்கொரு பில்லை தட்டினோம். ஒருத்தி பேனை வரைந்தாள். ஒருத்தி சைக்கிள் வரைந்தாள். தெல்தெனியப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த தோழி இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கீறினாள். கீறிக்கொண்டே, "எங்க வீட்டுக்கு உண்மையான பாஸ்போட்டே வந்திருச்சு. அடுத்த மாசம் போறோம்" என்றாள். நாங்கள் சிரித்தோம். அவள் பகிடி விடுகிறாள் என்றுதான் நினைத்தோம்.

தெற்கிலிருந்து வந்த அரசர்கள்

அவள் போன கதையைச் சொல்லுமுன் கண்டியின் கடைசி அரசர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1739இல் வீர நரேந்திரசிங்கன் வாரிசின்றி இறந்தபோது, மதுரையிலிருந்து வந்த அவனுடைய பட்டத்தரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினான். நாயக்கர் வம்சம் என்று நாம் படித்தது இதைத்தான். அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்திலேயே, 1753இல், சியாமிலிருந்து பிக்குகள் அழைக்கப்பட்டு, அற்றுப்போயிருந்த உபசம்பதா மீண்டும் தொடங்கியது. தெற்கிலிருந்து வந்த குடும்பமொன்று கண்டியின் பௌத்தத்துக்குச் செய்த பணி அது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணசாமி என்ற இயற்பெயருடைய இவன் 1798இல் முடிசூடினான். நாம் சுற்றிச் சுற்றி நடந்த கண்டி வாவியும், தலதா மாளிகையின் எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவவும் அவன் காலத்தவை.

அவனை நல்லவனாக மட்டும் காட்டுவது வரலாறாகாது. எஹலப்பொலவின் மனைவி மக்களுக்கு அவன் இழைத்த கொடுமையைக் கண்டி இன்னும் மறக்கவில்லை. தலைவர்கள் அவனைக் கைவிட்டார்கள். 1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டிக்குள் வந்தபோது மலைகளில் காத்து நிற்க ஆளில்லை. பெப்ரவரி 18இல் மெதமஹநுவரப் பக்கத்தில் அரசன் பிடிபட்டான். மார்ச் 2இல் மகுல் மடுவவில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது.

அந்த ஒப்பந்தத்தில் நாம் பாடசாலையில் மனனம் செய்யாத பகுதி ஒன்று உண்டு. தமிழரையும் தென்னிந்தியரையும் அக்கால ஆங்கிலேயர் 'மலபார்' என்றனர். மலபார் வம்சத்துக்குக் கண்டியில் இருந்த ஆட்சியுரிமை அழிந்துவிட்டது என்றும், அரசனின் உறவினர் எழுத்து மூலமான அனுமதியின்றி மலைநாட்டுக்குள் நுழையக்கூடாது என்றும், வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் அதே அனுமதியின்றித் திரும்பக்கூடாது என்றும் அது கூறியது. களிமண் முத்திரைக்குப் பதில் காகிதம் வந்துவிட்டது.

அரசன் 1816 ஜனவரியில் கொழும்பில் கப்பலேற்றப்பட்டு, சென்னை வழியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டான். 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தான். கடுகண்ணாவையில் வீதி அமைத்த கப்டன் டோசனின் நினைவாகக் கோபுரம் எழுந்ததும் அதே 1832இல்தான். 1867இல் புகையிரதமும் கண்டிக்கு வந்தது. பலனவுக்குக் காவல் காக்க ஒன்றும் இல்லாமற் போயிற்று.

ஆனால் 1815இல் மலபார்களைத் தடுத்த அதே ஆட்சி, 1820களில் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கியதும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைத் தானே வரவழைத்தது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தவர்கள் எங்கள் தோழியின் முன்னோர்.

ஒப்பாரிக் கோச்சி

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் அந்தக் கணக்கில் வேறு வேறு நாட்டவர்கள்.

பலனவிலிருந்து திரும்பி ஒரு மாதத்துக்குள் அவள் போனாள். எங்களில் நால்வர் கண்டிப் புகையிரத நிலையத்துக்குப் போனோம். தலைமன்னாருக்குப் போகும் அந்த வண்டியை 'ஒப்பாரிக் கோச்சி' என்று மலையகத்தில் சொல்வது ஏனென்று அன்றுதான் புரிந்தது. மேடை முழுக்க அழுகை. வண்டி புறப்பட்டு, பேராதனை, பிலிமத்தலாவை, கடுகண்ணாவை கழிந்து, பலனவைக் கடந்துதான் பொல்கஹவலைக்கு இறங்கியிருக்கும். அவள் மேலே பார்த்திருப்பாளா என்று வெகுகாலம் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

வேலூரில்

பல ஆண்டுகள் கழித்து, எங்களில் ஒருத்தியின் கணவருக்கு வைத்தியம் செய்ய வேலூருக்குப் போக நேர்ந்தது. துணைக்கு நாங்கள் மூவர் போனோம். அவளையும் தேடிக் கண்டுபிடித்திருந்தோம். நீலகிரியில் கூடலூருக்கு அருகே, தாயகம் திரும்பியோருக்கென அமைத்த தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றிருந்தாள். இரவு பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். தலை நரைத்திருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது.

வேலூர்க் கோட்டை சமதரையில் அகழி சூழ நிற்கிறது. அதைப் பார்த்தபடி எதிரே உள்ள குன்றுகளில் மராட்டியர் கட்டிய மலைக்கோட்டைகள் இருக்கின்றன. பலனவில் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு அவை எதற்கென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோவில் இருக்கிறது. திப்புவின் குடும்பத்தாரைச் சிறைவைத்ததும், 1806 ஜூலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இதே கோட்டையில்தான். மகால்களில் ஒன்றின் பெயர் கண்டி மகால். அதன் முன்னால் நாங்கள் நால்வரும் சற்று நேரம் பேசாமல் நின்றோம்.

பிறகு பாலாற்றங்கரைக்குப் போனோம். அங்கே அரசனின் சமாதி இருக்கிறது. 1990இல் தமிழ்நாடு அரசு அதன்மேல் முத்து மண்டபம் எழுப்பியது. எங்களை ஏற்றிச் சென்ற ஓட்டோக்காரத் தம்பியிடம் இடத்தின் பெயரைச் சொன்னதும், "கண்டி ராஜா சமாதிதானேம்மா?" என்றார். கண்டியில் அவனை மலபார் என்று விரட்டினார்கள். வேலூரில் அவன் இன்னும் கண்டி ராஜாதான்.

எங்கள் தோழி சிரித்தாள். "எங்க கதையும் அதேதான். கண்டியில இருந்தப்ப எங்கள இந்தியாக்காரங்கன்னாங்க. கூடலூர்ல இன்னைக்கும் சிலோன்காரங்கன்னுதான் சொல்றாங்க." சற்றுப் பொறுத்து, "ராஜாவுக்காவது பேரு எழுதி வச்சிருக்காங்க" என்றாள்.

அந்த வசனத்தோடுதான் நாங்கள் ஊர் திரும்பினோம். இந்த மலருக்கு எழுதச் சங்கத்தினர் கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்ததும் அதுதான். எங்கள் வகுப்பின் பழைய மாணவியர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. க.பொ.த. சாதாரண தரம் எழுதியவர்களைக் கொண்டு நாங்களே தயாரித்த பட்டியல் அது. இடையில் போனவர்களை நாங்களே விட்டுவிட்டோம். சேர்வு இடாப்பைப் பார்க்க அனுமதி பெற்றுப் புரட்டியபோது, விலகிய காரணம் என்ற நிரலில் 'இந்தியா சென்றார்' என்ற இரண்டு சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. எங்கள் வகுப்பில் மட்டும் ஆறு பேர்.

1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை வழங்கியது. போனவர்கள் போனவர்கள்தான். ஆனால் நமது கல்லூரியின் நூறு ஆண்டுகளில் அவர்கள் படித்த ஆண்டுகளும் அடக்கம். கூடலூர், கோத்தகிரி, திருச்சி, எங்கே இருந்தாலும் அவர்கள் நமது பழைய மாணவியர். உங்கள் வகுப்பிலிருந்து இப்படிப் போனவர்களின் பெயர்களை, நினைவில் உள்ள மட்டும், சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். முழுப்பெயர் தெரியாவிட்டால் வகுப்பில் அழைத்த பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். இடாப்போடு ஒப்பிட்டுத் தேடும் வேலையை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது.

நூற்றாண்டு விழாவுக்குக் கண்டிக்கு வருபவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் பலனவுக்கும் போய் வாருங்கள். சப்பாத்து அணியுங்கள். அட்டைக்குச் சவர்க்காரமோ உப்போ கொண்டுபோங்கள். மேலே போனதும் எங்கள் ரீச்சர் சொன்னதைச் செய்யுங்கள்: கோட்டையைப் பார்க்க வேண்டாம், கோட்டையில் நின்று பாருங்கள். கீழே வளைந்து போகும் தண்டவாளம் நன்றாகத் தெரியும்.